கைப்பிடி இல்லாத கண்ணியம்

உலகத்தில் கண்ணியம் என்று ஒன்று மிச்சமிருந்தால், அது லண்டனில் லாவென்ஹாம் சதுக்கத்தில்தான் இருக்கிறது. நடுவில், சதுக்கத்தார் மட்டும் திறக்கக்கூடிய பூட்டு போட்ட பூங்கா. சுற்றிலும் இருநூறு வயசான வெள்ளை மாடிவீடுகள். வாசலுக்கு வாசல் கற்படிகள். அந்தப் படிகளுக்குக் கைப்பிடி கிடையாது. அந்தக் காலத்துக் கனவான்கள் எதையும் பிடித்துக்கொள்ளாமலே இறங்கினார்கள் என்பது சதுக்கப் பாதுகாப்புக் குழுவின் ஆராய்ச்சி முடிவு. விழுந்தவர்கள் யாரும் இதுவரை மறுப்புத் தெரிவிக்கவில்லை.

மூலை வீட்டு ஹெஸ்டருக்கும் இந்தக் கண்ணியத்தில் பெருமைதான், கணவர் சிரிலுக்கு இடுப்பெலும்பு முறிகிற வரைக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனிதர் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து பூங்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மரத்தடில கொஞ்ச நேரம் உக்காந்தா போதும், ஹெஸ்டி. வேற ஒண்ணும் கேக்கல."

"உக்காரலாம் கிழவா. படியோரமா ஒரு இரும்புக் கம்பி போட்டா ஆச்சு. நான் போய்க் குழுகிட்ட கேக்கறேன்."

பாவம், விவரம் தெரியாதவள். குழு, தலைவர் ஃபென்விக் வீட்டில் கூடியது.

"கைப்பிடியா?" என்றார் தலைவர், வீட்டில் சாவு விழுந்த குரலில்.

"ஒரே ஒரு கம்பி. கறுப்புப் பெயின்ட் கூட அடிச்சுடறேன்."

"மேடம், இன்னிக்கு நீங்க கம்பி கேப்பீங்க. நாளைக்கு இன்னொருத்தர் கூரை மேல ஆன்டெனா கேப்பார். அப்புறம் இதுவும் ஒரு தெருன்னு ஆயிடும்."

"உங்க வீட்டுக்கு அடியில நீச்சல்குளம் வெட்டினீங்களே, எங்க சுவரெல்லாம் ஆடிச்சே. அது மட்டும் சரியா?"

பாரம்பரிய ஆலோசகர் தாரோகுட் அம்மையார் குறுக்கிட்டார். "குளம் பூமிக்கு அடியில இருக்கு. கம்பி வெளியில தெரியும். வெளியில தெரியற விஷயத்துல நாம ரொம்பக் கண்டிப்பு."

"அப்ப என் புருஷன் மரத்தடிக்கு எப்படிப் போறது?"

குழு கண்ணை மூடி யோசித்தது. கல்லுக்குள்ளும் ஈரம் உண்டல்லவா?

"மரத்தடியிலயே அவர் பேர்ல ஒரு பெஞ்சு போட்டுடலாம்," என்றார் தலைவர். "பித்தளைத் தகடோட."

ஹெஸ்டரின் முகம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோஷப்படுவார். எப்பப் போடுவீங்க?"

"அது நினைவு பெஞ்சு, மேடம். விதிப்படி அவர் காலமாகியிருக்கணும்."

"நாங்க அவசரப்படுத்தல," என்றார் பொருளாளர், பெருந்தன்மையோடு.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: கைப்பிடி நிராகரிக்கப்படுகிறது; பெஞ்சு, "உரிய தகுதி" வந்ததும் வழங்கப்படும். சிரில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஹெஸ்டர் சிரிக்கவில்லை. அனுமதி இல்லாமலே ஒரு கம்பியை நட்டுப் பார்த்தாள். வக்கீல் நோட்டீஸ் வந்தது, கம்பி போனது.

ஏப்ரலில் மரம் துளிர்த்தது. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, சிரில் கோட்டை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். முதல் இரண்டு படிகளைக் கனவான் மாதிரியே இறங்கினார். மூன்றாவது படியில் கை எதையோ தேடியது. ஒன்றும் இல்லை. அன்று மாலையே போய்விட்டார்.

குழு சொன்ன சொல் தவறவில்லை. பெஞ்சு உடனே தயாரானது. தகட்டு வாசகத்தைக் குடும்பத்தார் சொல்வது மரபு. குழுக் கூட்டத்தில் ஹெஸ்டர் எழுந்து நின்றாள்.

"எழுதிக்கோங்க. 'சிரில் லாங்ஸ்டாஃப். இங்கே வந்து உட்கார ஆசைப்பட்டார். இந்தச் சதுக்கத்தார் ஒரு கம்பியை மறுத்து அவரைக் கொன்றார்கள்.' ஒரு வார்த்தை மாத்தக் கூடாது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இது கொஞ்சம்..."

"கொஞ்சம் என்ன?"

"நீளம். தகடு சின்னது."

"சமாளிச்சுடலாம்," என்றார் தாரோகுட் அம்மையார். "அந்தக் காலத்து எழுத்துலதான் வெட்டணும். அது ஒண்ணுதான் நிபந்தனை."

எழுத்தின் வளைவுகளைப் பற்றி நெடுநேரம் காரசாரமாக விவாதித்து, வாசகத்தை அப்படியே நிறைவேற்றினார்கள். இன்றும் அந்தப் பெஞ்சில் சாய்ந்துகொண்டுதான் குழுவினர் பேப்பர் படிக்கிறார்கள். தகட்டில் இருப்பது பொய் என்று ஒருவரும் சொன்னதில்லை. எழுத்து ரொம்ப அழகு என்றுதான் சொல்கிறார்கள்.