அடைப்புக்குறிக்குள் ஒரு தலைமையாசிரியர்

அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு பள்ளிக்கூடத்தையே ஆட்டிவைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல் சாலையில் இருக்கும் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் இருந்தார். மறுக்க நினைப்பவர்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு மறுக்கட்டும்.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் அடைப்புக்குறி சார். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவர். பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றதும், "புதியவர் வரும்வரை நீங்களே பாருங்க" என்று பொறுப்பைத் தலையில் கட்டினார்கள். பதவி உயர்வுப் பட்டியல் எங்கோ சிக்கிக்கொண்டது, புதியவர் வரவேயில்லை. அன்று முதல் அவர் கையெழுத்துக்குக் கீழே 'தலைமையாசிரியர் (பொ)' என்று விழ ஆரம்பித்தது. பொ என்றால் பொறுப்பு. மற்றவர்கள் அந்த எழுத்தைக் கூச்சத்தோடு ஓரமாகப் போடுவார்கள். இவர் கையெழுத்தைச் சின்னதாகப் போட்டு, (பொ)வைப் பெரிதாகப் போடுவார்.

வாயால் சொல்லும்போதும் விடமாட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் வளைத்துக் காற்றில் அடைப்புக்குறி போட்டு, நடுவில் "பொ" என்பார். போனில் பேசும்போதுகூடக் கைகளை வளைப்பதற்காகப் போனைத் தோளில் இடுக்கிக்கொள்வார்.

"ஹெச்.எம். இருக்காருங்களா?"

"இல்லீங்க. அடைப்புக்குறி பொ பேசறேங்க."

"எந்தக் குறி?"

"ரெண்டு பக்கமும் இருக்குங்களே, அந்தக் குறிங்க."

கொஞ்ச நாளில் இந்த (பொ) பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. கட்டடம் போதாமல் ஏழாம் வகுப்பு உட்கார்ந்த புளியமரத்தில் 'வகுப்பறை (பொ)' என்று பலகை மாட்டினார். கேட்டருகே படுத்துத் தூங்கும் செவலை நாய், காவலர் (பொ). மணி உடைந்த பிறகு தொங்கவிட்ட பழைய டிராக்டர் தட்டு, மணி (பொ). அறிவியல் எடுக்க வந்த என்னையும் அவர் சும்மா விடவில்லை.

"டீச்சர், உங்களுக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்குது. இன்னியிலிருந்து நீங்க எழுத்தர், அடைப்புக்குறி பொ."

"சார், நான் பாடம் எடுக்க வேண்டாமா?"

"அதுவும் எடுங்க. நான் எடுக்கலையா?"

அங்கேதான் சிக்கல். அவர் எடுக்கவில்லை. எடுக்க விடவில்லை என்பதே சரி. இன்றைக்குத் தருமபுரியில் கூட்டம், நாளைக்கு ஆன்லைன் பதிவு, மறுநாள் கழிப்பறையைப் போட்டோ எடுத்து அனுப்பு. கரும்பலகையில் ஒரு செங்கோண முக்கோணத்துக்கு இரண்டு பக்கம் வரைந்துவிட்டு ஒருநாள் போனவர், மூன்றாவது பக்கமான கர்ணத்தை வரையத் திரும்பி வரவில்லை. 'அழிக்காதே' என்று எழுதிவிட்டுப் போனதால் யாரும் அழிக்கவும் இல்லை. பிள்ளைகள் வராந்தாவில் அவரைப் பார்த்தால், "சார், கர்ணம் எப்ப சார் வரும்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவரும் பஸ் வருமா என்று கேட்டவர்களுக்குச் சொல்வதுபோல, "வந்துடும், வந்துடும்" என்று சொல்லிவிட்டு ஓடுவார்.

பத்தாம் வகுப்பில் செல்வி என்று ஒரு பெண். அவள் அம்மா ஒருநாள் ஆட்டை கேட்டில் கட்டிவிட்டு நேராக அவர் அறைக்கு வந்தார்.

"சார், எம்பொண்ணு எல்லாத்துலயும் தேறிடுவா. கணக்குலதான் பயமா இருக்குதுங்க. அதுல போயிட்டான்னா வூட்டுல நிறுத்தி மாப்பிள்ள பாத்துடுவாங்க. எம்பேச்சு எடுபடாதுங்க."

அன்று அவர் காற்றில் அடைப்புக்குறி போடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தலைமையாசிரியர்களுக்கு உதவும்படி பள்ளி விதிகளைத் திருத்தப்போகிறார்கள், தருமபுரியில் கருத்துக் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. நிர்வாக வேலை பார்க்கும் தலைமையாசிரியரின் பாடத்தை நடத்த மாற்று ஆசிரியர் தருவார்களாம். சார் துள்ளிக் குதித்தார். வரைவைப் படித்ததும் குதித்த வேகத்திலேயே உட்கார்ந்தார். 'நிரந்தரத் தலைமையாசிரியர்களுக்கு' என்று இருந்தது.

"கெளம்புங்க டீச்சர், பஸ்ஸுக்கு."

"நமக்கு அழைப்பே வரலையே சார்?"

"எனக்கு வரல. தலைமையாசிரியருக்கு வந்திருக்குது. அவரு இல்லாததால நான் போறேன்."

போனோம். கூட்ட மேசையில் நிரந்தரத் தலைமையாசிரியர் உள்ள பள்ளிகளுக்கெல்லாம் பெயர் அட்டை இருந்தது. எங்களுக்கு இல்லை. சார் என் பையிலிருந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்து மடித்து, தன் பதவியை எழுதி முன்னால் நிறுத்திக்கொண்டார். (பொ) பின்வரிசைக்கே தெரிந்திருக்கும்.

கூட்டத்தை நடத்திய அதிகாரி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "சார், நீங்க இன்சார்ஜ்தானே? இது ரெகுலர் ஹெச்.எம்.களுக்கான மீட்டிங்."

சார் எழுந்தார். "ஐயா, நான் கணக்கு வாத்தியாருங்க. ஒரு கணக்குல அடைப்புக்குறி இருந்தா மொதல்ல எதப் போடணுங்க?"

அதிகாரி படித்தவர், யோசிக்காமல் சொல்லிவிட்டார். "அடைப்புக்குறிக்குள்ள இருக்கறத."

"அதத்தாங்க நானும் புள்ளைங்களுக்குச் சொல்றேன். உங்க விதியில அடைப்புக்குறிய அப்படியே வுட்டுட்டீங்க. மொத்தக் கணக்கும் தப்பாப் போயிடுங்க. எங்க பள்ளிக்கூடத்துல ஒரு முக்கோணம் கர்ணம் இல்லாம நிக்குது. அதுல ஒரு பொண்ணோட வாழ்க்கையும் நிக்குதுங்க."

கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து, "நானும் பொறுப்புதாங்க" என்றார்கள். நிரந்தரமானவர்களுக்குத் துணையாக வந்தவர்கள் என்று நான் நினைத்திருந்த பாதிப் பேர் பொறுப்பு! அதிகாரி பேனாவை எடுத்து வரைவில் எதையோ எழுதினார்.

விதி வந்தபோது 'தலைமையாசிரியர்களுக்கு (பொறுப்பு வகிப்போர் உட்பட)' என்று இருந்தது. அதையும் அடைப்புக்குறிக்குள்தான் போட்டிருந்தார்கள். சார் அந்தத் தாளைத் தடவிக்கொடுத்தார். எங்களுக்கும் மாற்று ஆசிரியராக ஒரு இளம்பெண் வந்தார். முதல் வேலையாகக் கர்ணத்தை வரைந்தார். வகுப்பே கைதட்டியது.

வெளியே ஜன்னல் ஓரம் ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. இத்தனை போராடி வாங்கிய விதியால் தன் வகுப்பு தன்னிடமிருந்து போய்விடும் என்பதை அந்தக் கணக்கு மேதை கணக்குப் போடவே இல்லை! தினமும் குழாயைப் பார்க்கிற சாக்கில் அந்த ஜன்னல் பக்கமே சுற்றினார். ஒருநாள் பாலக்கோடு பஸ் பழுதாகி அந்த மாற்று ஆசிரியை வரத் தாமதமானது. சார் பையில் எப்போதும் வைத்திருந்த சாக்பீஸோடு வகுப்புக்குள் பாய்ந்து, கைகளை வளைத்தார்.

"கணக்கு வாத்தியார், அடைப்புக்குறி பொ வந்துட்டேன்!"

அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. செல்வி தேறினாள். இப்போது பென்னாகரத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், அதுவும் கணக்குப் பிரிவில்.

சார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கடைசிக் கையெழுத்து வரை (பொ)தான். எங்களுக்கு இப்போது நிரந்தரத் தலைமையாசிரியர் வந்திருக்கிறார். தங்கமான மனிதர், கையெழுத்தில் அடைப்புக்குறியே கிடையாது. பாவம், எங்கள் மனத்தில் அவர்தான் (பொ) என்பதை அவரிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை.