வெள்ளையாக இருந்த பக்கம் திருப்பினேன்

உப்பளத்துக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தரை வெள்ளையாகத் தெரிந்தால் கெட்டியாக இருக்கும், தைரியமாகக் கால் வைக்கலாம் என்று நம்புவோம். கறுப்பாக இருந்தால் சேறு, ஒதுங்கிப் போவோம். எங்கள் ஊர் மரக்காணத்தில் இந்த நம்பிக்கையோடு ஆயுள் முழுக்கச் சௌக்கியமாக வாழ்ந்துவிடலாம். ஊட்டியில் பத்து நிமிஷம் தாங்காது.

2006 ஜனவரி. மழைக்காலம் முடிந்து உப்பளத்தில் இன்னும் வேலை தொடங்காத நேரம். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான் (கேட்காதவர்களிடமும் இதைச் சொல்வேன்). தங்கை கலா ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளை மேலே படிக்க வைப்பதா, பிரம்மதேசத்து அத்தை மகனுக்குக் கட்டிக் கொடுப்பதா என்று அப்பா ஊசலாடிக்கொண்டிருந்தார். "அதான் நீ ஒருத்தி படிச்சிட்ட இல்ல, போதும்" என்பார். படித்த பெண் எப்படி இருப்பாள் என்று கண்ணெதிரே காட்டிவிட்டால் கலா தப்பித்துவிடுவாள் என்று நினைத்து, அப்பா, அம்மா, கலா மூன்று பேரையும் ஊட்டிக்குக் கூட்டிப் போனேன்.

குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். அப்பா வேட்டிக்கு உள்ளே என் பழைய சுடிதார் பேண்ட்டைப் போட்டுக்கொண்டார் (இதை வெளியில் சொல்லக் கூடாது என்பது குடும்ப ஒப்பந்தம்). அம்மாவின் குரங்குக் குல்லாவில் மூக்கு மட்டும்தான் வெளியே இருந்தது.

காலையிலேயே ஊருக்கு வெளியே ஒரு மலைச்சரிவில் நாலு சக்கர பைக் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். டிராக்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி ஒரு வண்டி. நான் காட்ட வேண்டியதை இதில்தான் காட்டப்போகிறேன் என்று முடிவு செய்தேன்.

"மேடம், வண்டி ஓட்டிப் பழக்கம் இருக்குதா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"இருக்கு" என்றேன். (தோழியின் ஸ்கூட்டியைக் காலேஜ் காம்பவுண்டுக்குள் ஒரு ரவுண்டு ஓட்டியிருக்கிறேன். நிறுத்தியது அவள்.)

"பாதைய விட்டு எறங்காதீங்க. அது மட்டும் போதும்."

தலையாட்டினேன். அப்பா தன் பங்குக்கு, "தனியா ஓட்டறது இன்னா பெரிசு? உங்கம்மாவ ஏத்திக்கினு போ, பாக்கலாம்" என்றார்.

அம்மா பின்னால் ஏறினாள். "இன்னாடி, புடிச்சிக்க ஒண்ணுமே இல்ல?"

"என்னப் புடிச்சிக்கம்மா."

பிடித்தாள். ஊர் திரும்பும்வரை என் விலா வலித்தது.

இந்த வண்டிக்கு ஆக்சிலேட்டர் கட்டைவிரலில். என் கட்டைவிரல் குளிரில் எப்போதோ செத்துப்போயிருந்தது. அழுத்துகிறேனா, விடுகிறேனா என்று வண்டி போகிற வேகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனாலும் முதல் மேட்டை ஏறிவிட்டோம். கீழே டீக்கடை ஓரத்தில் கலாவோடு நின்ற அப்பாவைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன்.

முன்னால் பாதை ஒரே சேறாகக் கிடந்தது. இடது பக்கம், பளபளவென்று, பாத்தியில் உப்பு பூத்த மாதிரி வெள்ளை வெளேரென்று சமதரை.

"ஏன்டி சேத்துல ஓட்டுற? அந்தாண்ட கெட்டியா கெடக்குது பாரு" என்றாள் அம்மா.

கீழேயிருந்து அப்பாவும் இரண்டு கைகளாலும் அந்தப் பக்கமே காட்டினார். பரம்பரையே ஒரே குரலில் சொல்லும்போது நான் மட்டும் எப்படி மறுப்பது? திருப்பினேன்.

டயருக்குக் கீழே மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. எங்கள் ஊர்ச் சத்தம். மனசு குளிர்ந்தது. அடுத்து வண்டியின் மூக்கு அப்படியே உள்ளே போனது. அம்மா என் தோளைத் தாண்டிப் பறந்து போய் உட்கார்ந்தாள். நல்லவேளை, சேறு மெத்தை மாதிரி இருந்தது.

நான் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு, "அடி பட்டுச்சாம்மா?" என்று கத்தினேன். அவள் பக்கத்துப் புல்லில் இருந்த வெள்ளையை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். பிறகு கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கரிக்கலிங்க."

வண்டிக்காரர் கயிறோடு ஓடிவந்தார். "அது சதுப்பு மேடம். மேல பனி ஒறைஞ்சி கெடக்குது. நீங்க என்னன்னு நெனைச்சீங்க?"

கெமிஸ்ட்ரி பட்டதாரி என்னவென்று நினைத்தாள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. கலா சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய காலேஜ்தான் அந்தச் சேற்றில் முழுகிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

டீக்கடையில் அப்பா டீ கிளாஸை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"நீ படிச்சதுல உப்பு வருமா?"

"வரும்பா."

"ஐஸு?"

"அதுவும் வரும்."

"எத்தினி வருசம் படிச்ச?"

"மூணு."

டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அதான். மூணு வருசம் பத்தல. கலாவ நாலு வருசப் படிப்புல போட்டுடறேன்."

முகத்தில் சிரிப்பே இல்லை. ஊருக்கு வந்ததும் பிரம்மதேசத்து அத்தையிடமும் இதே காரணத்தைத்தான் சொன்னார். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நியாயம்தான் என்று எழுந்து போய்விட்டாள்.

கலா இன்ஜினியர் ஆகிவிட்டாள். அவள் பட்டம் வாங்கிய அன்று, பக்கத்தில் நின்ற பேராசிரியரிடம் அப்பா ஊட்டிக் கதையை ஒன்று விடாமல் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க நேர்ல போய்ப் படிச்சீங்களாம்மா, இல்ல தபால்லயா?"