கிளெமென்ட் போன பாதயாத்திரை

புது வருஷப் பூசை முடிந்து வந்து, கேக்கின் கடைசித் துண்டையும் தின்றுவிட்டு, கிளெமென்ட் வீட்டில் ஒரு சட்டம் போட்டார்.

"ரீனா, நாளையிலருந்து நான் மறுபடியும் ஓடப்போறேன். குடியரசு தினத்தன்னிக்கு ஊர்ல பத்து கிலோமீட்டர் ஓட்டம் வச்சிருக்காங்க. காலேஜ்ல அஞ்சாயிரம் மீட்டர்ல ரெண்டாவது வந்தவன் நான்."

"அந்தக் காலேஜையே இடிச்சுக் கட்டிட்டாங்க."

"கேலி பண்ணாத. ஓடுறவனுக்குக் காலையில ஒரு வேலை சொல்லக்கூடாது. குடம் தூக்குனா கால் இறுகிப்போகும்."

"யார் ஓடுனாலும் அதே சட்டம்தானா?"

"யார் ஓடுனாலும்."

அந்த வீட்டில் ஓடக்கூடியவர் ஒரே ஒருவர்தான் என்பதில் கிளெமென்ட்டுக்குச் சந்தேகமே வரவில்லை.

விஷயம் ஓட்டமே இல்லை, குடம். அவர்கள் தெருக்குழாயில் தண்ணீர் விடியற்காலையில்தான் வரும். வராத நாள்தான் அதிகம், அதனால் வந்தால் விடக்கூடாது. வீடோ இரண்டாம் மாடி. அவர் கூட்டுறவு வங்கியில் காசாளர், அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சம்பளம் இரண்டு பேருக்கும் உண்டு, தாகமும் உண்டு. குடத்தை மட்டும் ஒருநாள் அவர், ஒருநாள் அவள் என்று பிரித்திருந்தார்கள். அவர் முறை வரும் நாளில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்வது வழக்கம். இடுப்பு அலுத்துப்போய் இப்போது காலுக்கு வந்திருந்தார்.

"எடுத்த எடுப்புல ஓடாதீங்க," என்றாள் ரீனா. "மொதல்ல நடங்க. அப்பறம் செத்த நேரம் ஓட்டம், செத்த நேரம் நடை. மூச்சு சொன்னபடி கேக்கும், காலு கேக்காது. ஷூவும் புதுசா வாங்குங்க."

"நடக்குறதுக்கு எதுக்குடி ஓட்டம்னு பேரு? நீ கணக்கைப் பாரு."

ஷூ வாங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய ஷூவைப் பரணிலிருந்து இறக்கினார். அதற்குப் பதிலாக ஒரு டீ-ஷர்ட் வாங்கி, முதுகில் 'கிளெமென்ட்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துக்கொண்டார். பின்னால் ஓடி வருகிறவர்கள் யாரிடம் தோற்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

முதல் நாள் பழனி ரோட்டில் ஒரு டவுன் பஸ்ஸோடு போட்டி போட்டார். பஸ் ஸ்டாப்பில் நின்றதால் அவர் ஜெயித்தார். இரண்டாம் நாள் ஷூவின் அடிப்பாகம் பிளந்து நாக்கைத் தள்ளியது. அதை மதிக்காமல் இன்னும் வேகம் பிடித்தார். கெண்டைக்காலில் யாரோ சாவி கொடுத்துத் திருகியது மாதிரி ஒரு பிடி பிடித்தது. அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

தைப்பூசத்துக்குப் பழனி போகும் கூட்டம் பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாய் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர்களில் இரண்டு பேர், கேட்காமலே, அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கிப் பக்கத்துச் சேவைப் பந்தலில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

பாதயாத்திரைக்காரர்களுக்குக் கால் பிடித்துவிடும் பந்தல் அது. நடத்துகிறவர் தண்டாயுதபாணி, ஒட்டன்சத்திரத்துக்காரர்.

"படுங்க சாமி, குப்புறப் படுங்க. எந்த ஊருங்க?"

மாலை போட்டவர்களுக்கென்று நடத்தும் பந்தலில் பேரைச் சொன்னால் எழுப்பி விடுவார்களோ என்று கிளெமென்ட்டுக்குப் பயம். கழுத்துச் சிலுவையை டீ-ஷர்ட்டுக்குள் தள்ளினார்.

"சாணார்பட்டி. பேரு மணிமாறன்."

தண்டாயுதபாணியின் கை கெண்டைக்காலிலேயே ஒரு நொடி நின்றது. எதிரே அகலமாக விரிந்து கிடந்த முதுகைப் பார்த்தார்.

"சரிங்க, மணிமாறன் சாமி," என்று சொல்லிவிட்டுத் தைலத்தை ஊற்றினார்.

வலியைச் சொன்னால் ஓட்டம் போச்சு. ஓட்டம் போனால் குடம் வந்துவிடும். அதனால் கிளெமென்ட் மறுநாளும் ஐந்து மணிக்குக் கிளம்பினார். தெரு முனைவரை மிடுக்காக ஓட்டம், பிறகு ஷேர் ஆட்டோ, பந்தல். கால் பிடித்துவிட ஆள், சுக்குக் காப்பி, வாழை இலையில் சுடச்சுடப் பொங்கல். திரும்பும்போது பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டால் வியர்வை.

"பொங்கல் எப்படிங்க?" என்பார் தண்டாயுதபாணி. "எங்கூட்டுக்காரி செல்லக்கிளி செஞ்சதுங்க. செஞ்சு குடுத்துட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவா. டீச்சருங்க."

"அமிர்தம்," என்று இன்னொரு கரண்டிக்கு இலையை நீட்டுவார் கிளெமென்ட்.

ரீனாவும் செல்லக்கிளியும் வருஷக்கணக்காக ஒரே ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மனைவி யாரோடு சாப்பிடுகிறாள் என்று அவர் ஒருநாளாவது கேட்டிருந்தால், அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எழுந்து ஓடியிருப்பார். கெண்டைக்காலாவது ஒன்றாவது.

"ஓடுறவருக்கு உடம்பு இளைக்கும்பாங்க," என்றாள் ரீனா ஒருநாள், பேன்ட் கொக்கியோடு அவர் மல்லுக்கட்டுவதைப் பார்த்து.

"சதை பூரா தசையா மாறுது."

"ஆமா, நெய் வாசனை அடிக்கிற தசை."

குடியரசு தினமும் வந்தது. விடியுமுன்பே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ஒத்திகை பார்த்து வைத்திருந்த முகத்தை மாட்டிக்கொண்டார்.

"ரீனா, கெண்டைக்கால்ல ஒரு பிடிப்பு. இன்னிக்குன்னு பாத்து வந்திருக்கு."

"அப்ப ஓடாதீங்க."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"இல்ல, பேர் குடுத்துட்டோமேன்னு..."

"வலியோட ஓடுனா பெருசா கெடுத்துக்குவீங்க. உக்காருங்க."

உள்ளே போனாள். வெளியே வந்தபோது காலில் ஷூ இருந்தது. புதுசில்லை. செம்மண் ஏறி, குதிகால் தேய்ந்து, நன்றாக உழைத்த ஷூ.

"எங்க கெளம்பிட்ட?"

"ஓட."

"நீயா? நீ எப்ப ஓடுன?"

"ஜூன்ல ஸ்கூல் தொறந்ததுலருந்து. சாயங்காலம் கிரவுண்ட்ல. மொதல்ல நடை, அப்பறம் செத்த நேரம் ஓட்டம், செத்த நேரம் நடை. முட்டி வலிச்சா ரெண்டு நாள் லீவு. இப்பத்தான் பத்து வருது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"இம்புட்டு நாளா லேட்டா வாரேன். சோறு வெஞ்சனம் ஏன் லேட்டுன்னு கேட்டீங்க. நான் ஏன் லேட்டுன்னு கேக்கல."

கீழே குழாய் இருமியது. குடங்கள் உரசும் சத்தம், வரிசைச் சண்டை. தண்ணீர் வந்துவிட்டது.

"ரீனா, தண்ணி..."

"ஓடுறவங்களுக்கு வேலை சொல்லக்கூடாது. கால் இறுகிப்போகும்."

"எனக்குத்தான் கால் வலிக்குதே."

ரீனா படியிறங்கப் போனவள் நின்று திரும்பினாள்.

"குடத்தைத் தூக்கி வச்சிட்டு நேரா பந்தலுக்குப் போயிருங்க. சாணார்பட்டி மணிமாறன் மூணு வாரமா நடந்தும் இன்னும் நம்ம பந்தலையே தாண்டலையேன்னு தண்டாயுதபாணி அண்ணன் ரொம்பக் கவலைப்படுறாரு."