மிளகாய் மண்டியும் பத்து கிராம் பாக்கெட்டும்

காரம் தின்கிறவர்களுக்குத் தின்பதில் பாதி சுகம்தான். மீதிச் சுகம், தின்பதை நாலு பேர் பார்ப்பதில் இருக்கிறது. இதை நான் ஒப்புக்கொள்ளக் காரைக்குடி வரை போக வேண்டியிருந்தது.

பொடி பாக்கெட் போடும் மெஷின் விற்கும் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றில் அப்போது எனக்கு ஐந்தாவது மாதம். ஒரு மெஷின்கூட விற்கவில்லை. ஆறாவது மாதமும் இப்படியே போனால் வேலை இல்லை என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். (சிரிக்காமல் சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.) அந்த நேரத்தில்தான் காரைக்குடி செக்காலையில் இட்லிப் பொடி வியாபாரம் செய்யும் தெய்வானை ஆச்சி கூப்பிட்டார். நூறு கிராம் பாக்கெட் போட்டுக் காட்ட வேண்டும், பிடித்தால் வாங்கிக்கொள்வார். மெஷினை முதல் நாளே லாரியில் ஏற்றிவிட்டு, மறுநாள் நான் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

ஆச்சி என்றதும் வயதானவர் என்று நினைத்துப் போனால், நாற்பது வயதில், வீட்டுப் பட்டறை வாசலில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். மெஷினைப் பொருத்தி முடித்துவிட்டு, "ஓட்டிக் காட்டட்டுங்களா?" என்றேன்.

"சாப்பிட்டுட்டு ஓட்டுங்க. எங்க வீட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோடயா வேலை பாப்பீக? காரம் ஆகுமா?"

"அதுக்குத்தாங்க வந்ததே!"

(மெஷின் விற்க வந்தவள் சொல்கிற பதிலா இது?)

வேலை செய்யும் பெண்களோடு நானும் வரிசையில் உட்கார்ந்தேன். சமையல்காரர் மாரியண்ணன் இலையின் ஓரத்தில் பழுப்பாக ஏதோ ஊற்றினார். அதில் விரல் நீளத்துக்குப் பச்சையாகக் கிடந்தவை பீன்ஸ் என்று நினைத்து நாலைந்தை ஒரே வாயில் போட்டேன்.

இரண்டு காதும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. பச்சை மிளகாய்! அரிசி கழுவிய தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டுக் கொதிக்கவைத்த மிளகாய் மண்டி. புளிப்பு முதலில் வந்து கதவைத் தட்டியது; காரம் கதவை உடைத்துக்கொண்டு வந்தது. இருபத்து நான்கு வருடம் இதைத் தின்னாமல் எப்படி உயிரோடு இருந்தேன் என்று தோன்றியது.

பக்கத்து இலைகளில் எல்லோரும் குழம்பை மட்டும் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு மிளகாயை ஒதுக்கி வைத்திருந்தார்கள். நான் கவனிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கவனித்தேன். ஆனாலும் சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே.

"அண்ணா, இன்னுங் கொஞ்சம்."

கரண்டி பாதி வழியில் நின்றது. "மண்டியா? ஆச்சி, இங்குட்டு வந்து பாருங்க! இந்தப் புள்ள மிளகாயக் கூட்டு மாதிரி அள்ளித் திங்குது!"

"ஏன், கோயம்புத்தூர்ல சோறு போட மாட்டாகளா?" என்றார் பொடி சலிக்கும் ஒரு அக்கா. வரிசை முழுக்கச் சிரித்தது.

ஆச்சி வந்து பார்த்தார். "அத ஒதுக்கிருங்க. மிளகாய யாரும் திங்க மாட்டாக."

"நல்லாருக்குங்க ஆச்சி," என்று சொல்லி மூன்றாவது தடவையும் வாங்கினேன். அக்கா கைதட்டினார். ஒலிம்பிக் மேடையில் நிற்பவள் போல இலையை மடித்தேன்.

மெஷின் முன்னால் வந்து நின்றதும் விக்கல் பிடித்துக்கொண்டது.

சாதாரண விக்கல் இல்லை. ஆளையே அரை அடி தூக்கிப் போட்டது. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த பேச்சு, "எங்க மெஷினோட... ஹிக்... சிறப்பு... ஹிக்..." என்பதோடு முடிந்தது. மோர் குடித்தேன். சர்க்கரை தின்றேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். "பேச வேணாம், ஓட்டுங்க," என்றார் ஆச்சி. அந்தக் குரலில் ஆர்டர் கைநழுவுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நூறு கிராம் பொத்தானுக்கு விரலை நீட்டினேன். ஹிக்! விரல் பக்கத்துப் பொத்தானில் போய் விழுந்தது. பத்து கிராம். மெஷின் டக் டக்கென்று குட்டிக் குட்டிப் பாக்கெட்டாகத் துப்ப ஆரம்பித்தது. பதறிப்போய் நிறுத்தப் போனால் அதற்குள் அடுத்த ஹிக். கை காற்றில் போனது. தரையெல்லாம் பாக்கெட்.

ஆச்சி குனிந்து ஒன்றை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். போச்சு, வேலை போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இம்புட்டுச் சின்னதாவும் போடுமா?"

தலையை ஆட்டினேன். (வேறு எதுவும் ஆட்டும் நிலையில் இல்லை.)

"போன வாரம் வேற கம்பெனிக்காரர் ஒருத்தர் வந்து அம்பது கிராமுக்குக் கீழ ஆகாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. ரயிலுக்கு இட்லி கட்டிக்கிட்டுப் போறவுகளுக்கு இப்படி ஒண்ணு வேணும்னு நான் எத்தன நாளா தேடுறேன்! ஏங்க, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொல்... ஹிக்... லத்தாங்க... ஹிக்... வந்தேன்."

ஒன்றல்ல, இரண்டு மெஷின். சாயங்காலம் ஆர்டரில் ஆச்சி கையெழுத்துப் போடும்போது தட்டில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் வந்தன. சட்னி, வரமிளகாயின் நிறத்தில் பளபளத்தது. மாரியண்ணன் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஏமாற்றவில்லை, இரண்டு தடவை வாங்கினேன்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. செக்காலைப் பட்டறையில் பத்து கிராமுக்கு இன்று வரை 'விக்கல் பாக்கெட்' என்றுதான் பெயர். எங்கள் வீட்டிலோ எனக்கு விக்கல் வந்தால், "யாரோ நினைக்கிறாங்க" என்று ஒருவரும் சொல்வதில்லை. அம்மா தண்ணீர் எடுக்க எழுந்தால் அப்பா கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுகிறார்.

"இரு இரு, தண்ணி குடுத்துராத. ஆர்டர் வருது."