அண்ணன் தற்போது வாசிக்கும் நூல்கள்

எனக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறப்பேன், வெளியே வருவது 'சரி'யாக இருக்கும். வில்லாபுரத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். புருஷனும் பெண்டாட்டியும் கலர் அட்டையை விரித்துவைத்துக்கொண்டு என் முன்னாலேயே சண்டை போடுவார்கள். அவர் காட்டும் பச்சைக்கும் தலையாட்டுவேன், அந்தம்மா காட்டும் ரோஸுக்கும் தலையாட்டுவேன். எங்கள் ஏரியாவில் ஒரு வீடு முன்பக்கம் பச்சையாகவும் பக்கவாட்டில் ரோஸாகவும் இருந்தால், அந்த வீட்டுக்குப் பெயிண்ட் போனது என் கடையிலிருந்துதான்.

இப்படிப்பட்ட ஒருவன் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. நாலு வாசகர்களிடம் போய், 'அடுத்து நான் என்ன புத்தகம் படிக்கலாம்?' என்று கேட்பது. நான் கேட்டேன்.

அப்போது நாங்கள் ஐந்து பேர் ஒரு வாசகர் வட்டம் நடத்திக்கொண்டிருந்தோம். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுவோம். (வட்டம் என்று பெயர்தான். ஒரே பாயில் எல்லோரும் உட்கார்ந்துவிடலாம்.) ஆரம்பித்தவன் நான் என்பதால், நான் பெரிய படிப்பாளி என்று மற்ற நாலு பேரும் நம்பினார்கள். உண்மை என்னவென்றால், இரண்டு வருடமாக நான் ஒரு புத்தகத்தைக்கூட முடித்திருக்கவில்லை. நாற்பது பக்கம் போவதற்குள் கை போனைத் தேடும், அப்புறம் புத்தகம் தலையணைக்கு அடியில் போய்விடும். இனிமேல் நமக்குப் படிக்கவே வராதோ என்று நிஜமாகவே பயந்திருந்தேன். வட்டத்திடம் கேட்டு, அவர்கள் கண்காணிப்பில் ஒரு புத்தகத்தையாவது முடித்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

கோச்சடை முத்துராமன் அண்ணன் முதலில் வாயைத் திறந்தார். வைகைக்கரையில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். எண்ணூறு பக்கத்துக்குக் குறைந்த எதையும் அவர் புத்தகம் என்று ஒப்புக்கொள்வதில்லை, நோட்டீஸ் என்பார். உப்பளத்துக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதையைச் சொன்னார். திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் கணக்கு டீச்சர் திலகவதி, ராமநாதபுரம் பக்கத்து நர்ஸ் ஒருத்தியின் கதையைச் சொன்னார். என் பால்ய சினேகிதன் கார்த்தி, எங்கேயோ ஒரு பனி நாட்டில் நடக்கும் கொலைக்கதையின் மொழிபெயர்ப்பைச் சொன்னான். ஓட்டெடுப்பு நடந்தது. ஆளுக்கொரு புத்தகத்துக்கு ஆளுக்கொரு ஓட்டு. யோசித்து எடுக்கிறேன் என்று கூட்டத்தை முடித்தேன்.

எல்லோரும் செருப்பு மாட்டும்போது செல்வம் என் பக்கத்தில் வந்து நின்றான். ஈபியில் மீட்டர் ரீடிங் எடுப்பவன். கடைக்கு ரீடிங் எடுக்க வந்தவன் மேஜையில் கிடந்த புத்தகத்தையே பார்க்க, நான்தான் வட்டத்துக்கு வரச்சொன்னேன். ஐந்து மாதமாகத் தவறாமல் வந்துகொண்டிருந்தான். ஐந்து மாதத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஓட்டெடுப்பில்கூடக் கையைத் தூக்கவில்லை.

"அண்ணே, எங்கிட்ட ஒண்ணு இருக்கு. சின்னப் புத்தகந்தான். நல்லாருக்கும்" என்றான்.

பிளாஸ்டிக் அட்டை போட்ட, தொண்ணூறு பக்கம்கூட இல்லாத ஒரு குட்டி நாவல். அதை இரண்டு கையாலும் நீட்டினான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதைத்தான் படிக்கப்போகிறேன் செல்வம் என்று அவன் தோளைத் தட்டிச் சொன்னேன். அந்த நிமிடத்தில் அது சத்தியமான வார்த்தை.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே முத்துராமன் அண்ணன் துண்டில் சுற்றிய உப்பளத்தோடு வாசலில் நின்றார். எங்கள் ஊரில் ஒருவரிடம் யோசனை கேட்காமலே இருந்துவிடலாம், அதை மன்னித்துவிடுவார்கள். கேட்டுவிட்டு வேறு ஆள் யோசனைப்படி நடந்தால், பத்திரிகை வைக்காமல் கல்யாணம் நடத்திய மாதிரி.

"எங்கிட்டயும் கேட்டுட்டு இன்னொருத்தர் சொன்னத எடுத்தேன்னா, எனக்கு என்ன தம்பி மரியாத?" என்றார்.

"சரிண்ணே, உங்களோடதுதான்" என்றேன்.

டீச்சருக்கும் போனில் சரி சொன்னேன். கார்த்தி ஸ்பிளெண்டரில் வந்து, மாப்ள என் புத்தகம்தானே என்றான். அவனுக்கும் சரி. இரண்டே நாளில் நான் நாலு பேருக்கு, நாலு புத்தகத்தை, உங்களுடையதை மட்டும்தான் படிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

பிறகு விசாரணை ஆரம்பித்தது. டீச்சர் ஜன்னலுக்கு அடிக்கப் பிரைமர் வாங்க வந்து எந்த அத்தியாயம் என்று கேட்டார். அண்ணன் போன் செய்து, கிழவன் செத்துட்டானா என்றார். சமாளிப்பதற்காக மூன்று புத்தகத்திலும் இங்கே பத்துப் பக்கம், அங்கே பத்துப் பக்கம் மேய்ந்தேன். செல்வத்தின் புத்தகத்தை மட்டும் பிரிக்கவில்லை. சின்னப் புத்தகம், எப்போது வேண்டுமானாலும் முடித்துவிடலாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவன் ஒருவன்தான் எதுவரை படித்தாய் என்று கேட்கவே இல்லை. கேட்காதவனுக்குக் கடைசி இடம் என்று என்னையறியாமல் ஒதுக்கியிருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாத இரண்டாவது ஞாயிறன்று என் மகள் யாழினிக்கு மூன்று வயதில் காதுகுத்து. திருப்பரங்குன்றத்தில் சின்ன மண்டபம். அன்றைக்கு வட்டம் கூடாது, எல்லோரும் விசேஷத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். விசேஷம் என்றால் எங்கள் ஊரில் சினேகிதர்கள் சேர்ந்து பிளக்ஸ் போர்டு வைக்க வேண்டும். அது இல்லையென்றால், இவனுக்கு நாலு பேர் கூட்டு இல்லை போல என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். வாசகர் வட்டமும் ரகசியமாக ஒன்று ஏற்பாடு செய்திருந்தது. பொறுப்பு கார்த்தியுடையது.

காலை எட்டு மணிக்கு யாழினியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினேன். மண்டப வாசலில் பத்தடி உயரத்துக்கு நான் நின்றுகொண்டிருந்தேன். கறுப்புக் கண்ணாடி, கையில் போன். தலைக்கு மேல் 'புத்தகப் புயல் ராஜபாண்டி' என்று தீப்பிடித்து எரியும் எழுத்து. (குழந்தையின் படம் மூலையில், தபால்தலை அளவில்.) என் மார்புக்குக் குறுக்கே இன்னொரு வரி: 'அண்ணன் தற்போது வாசிக்கும் நூல்கள்'. அதற்குக் கீழே வரிசையாக நாலு புத்தக அட்டை. ஒவ்வொரு அட்டைக்கும் கீழே, கைகூப்பிய கோலத்தில், அதைச் சொன்னவரின் வட்டப் படம்.

நடந்தது இதுதான். எங்கள் ஊர் போர்டில் படம் போட்டால் படத்துக்குக் கீழே ஒரு பதவி போட்டாக வேண்டும். வட்டச் செயலாளர், கிளைப் பொருளாளர், ஏதாவது ஒன்று. பிளக்ஸ் கடைக்காரர் விடாமல் பதவி கேட்க, கார்த்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறான். அண்ணன் தற்போது வாசிக்கும் நூலைப் பரிந்துரைத்தவர் என்று போடுங்கள் என்று எல்லோரிடமிருந்தும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பதில். அப்போதே கார்த்திக்கு என் வண்டவாளம் தெரிந்துவிட்டது.

"ஏன் மாப்ள, தெரிஞ்சதும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கார்த்தியைக் கேட்டேன்.

"நீ நாலு பேர்ட்டயும் தனித்தனியா சொன்னத, நாலு பேரும் ஒரே எடத்துல நின்னு படிக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

டீச்சர் ஏற்கெனவே போர்டுக்கு எதிரில் நின்று, விடைத்தாள் திருத்தும் முகத்தோடு படித்துக்கொண்டிருந்தார். முத்துராமன் அண்ணன் இடுப்பில் கைவைத்து நின்றார். நான் குழந்தையை மனைவி வாசுகியிடம் கொடுத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் பின்னால், பூசணிக்காய் அடுக்கியிருந்த ஸ்டோர் ரூமுக்குள் புகுந்துகொண்டேன். ஐந்து நிமிடம் நிம்மதியாக இருந்தேன். வாசுகி வந்து கதவைத் தள்ளினாள். தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்தாகிவிட்டது, அப்பனைக் காணோம் என்று மண்டபமே தேடுகிறது என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "போர்டப் பார்த்தேன். எனக்கு வாக்குக் குடுத்தப்ப வேற எத்தன பேருக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

வெளியே வந்தவனை டீச்சர் மடக்கினார். நர்ஸ் மூன்றாவது அத்தியாயத்தில் என்ன ஆனாள் என்று கேட்டார். எனக்கு எல்லாம் கலங்கிவிட்டது. பனிக்குள் பிணமாகக் கிடந்தாள் டீச்சர் என்றேன்.

"கதை நடக்குறது ராமநாதபுரத்துல" என்றார் டீச்சர்.

கார்த்தி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணன், உப்பளத்தில் கிழவன் எப்படிச் செத்தான் என்று கேட்டார். துப்பாக்கியால் சுட்டார்கள் என்றேன். "அட மூதேவி, பாம்பு கடிச்சில்ல செத்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். இந்த அவமானத்தைக்கூடத் தாங்கியிருப்பேன். அப்போதுதான் டிவிஎஸ் ஃபிப்டியில் செல்வம் வந்து இறங்கினான்.

புதுச்சட்டை போட்டிருந்தான். மனைவி மகேஸ்வரியையும் கூட்டி வந்திருந்தான். போர்டைப் பார்த்ததும் பெருமையாகக் கையை நீட்டி அவளிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தவன், நாலு அட்டையையும் எண்ணிவிட்டு மெதுவாகக் கையைக் கீழே இறக்கினான். ஐந்து மாதம் கழித்து வாய் திறந்தவன், இனி எந்தக் கூட்டத்திலும் திறக்கமாட்டான் என்று அந்தக் கை சொல்லிவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த கார்த்திகூட நிறுத்திவிட்டான்.

மகேஸ்வரிக்கு இது எதுவும் தெரியாது. நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க படிக்கிறீங்கன்னு இவுக சொன்னாக. அம்புட்டுப் பெரிய ஆளு படிக்கிற புத்தகம் நம்ம வீட்டுல கெடந்திருக்கேன்னு, கடையில இன்னொண்ணு வாங்கியாரச் சொல்லி நானும் படிச்சேன். பள்ளிக்கூடம் விட்டப்புறம் நான் படிச்ச மொதப் புத்தகம். அந்தம்மா பஸ் ஏறிப் போனவ கடைசி வரைக்கும் ஏன் திரும்பி வரலேன்னு மட்டும் வெளங்கல. நீங்க சொல்லுவீங்கன்னுதான் வந்தேன்."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் எனக்கு வாயில் அந்த வார்த்தை வந்தது.

"இல்லம்மா. நான் அதைப் பிரிக்கவே இல்ல. உன் வீட்டுக்காரர்ட்டப் பொய் சொல்லிட்டேன்."

செல்வம், "பரவாயில்லண்ணே. இப்பப் படிங்க" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆசாரி காது குத்தினார். யாழினி ஊரைக் கூட்டி அழுதாள். கூட நானும் அழுதேன், பெற்ற பாசம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பந்தி முடிந்ததும் மகேஸ்வரி பையில் வைத்திருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு திரும்பவும் அதே ஸ்டோர் ரூமுக்குப் போனேன். போனை வாசுகியிடம் கொடுத்துவிட்டேன். பூசணிக்காய் மேல் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். அந்த அம்மா பஸ் ஏறும் இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன். இரண்டு வருடத்தில் முதன்முதலாக ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். என்னால் முடிகிறது என்று தெரிந்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

வெளியே வந்தால், பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவில் நாலு பேரும் மகேஸ்வரியும் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள்.

"ஏன் திரும்பி வரலண்ணே?" என்றாள் மகேஸ்வரி.

"எனக்கும் வெளங்கலம்மா" என்றேன்.

"எனக்கு வெளங்கும்" என்றான் செல்வம். அரை மணி நேரம் பேசினான். டீச்சர் குறுக்கே பேசப்போய், இருங்க டீச்சர் முடிச்சிக்கிறேன் என்று அவனிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார். (முத்துராமன் அண்ணன் அந்தத் தொண்ணூறு பக்க நோட்டீஸை அன்றைக்கே இரவல் கேட்டார்.) வட்டத்தின் மிக நல்ல கூட்டம் அன்றைக்கு அங்கேதான் நடந்தது.

நாலு வருடம் ஆகிறது. அந்தப் போர்டு இப்போது எங்கள் மொட்டைமாடியில் என் பெயிண்ட் டப்பாக்களை மூடிக்கொண்டு கிடக்கிறது. நாலு அட்டையிலும் மார்க்கரால் டிக் அடித்திருக்கிறேன். உப்பளத்துக்கு மட்டும் பதினோரு மாதம் பிடித்தது, கிழவன் சாவதற்கே நானூறு பக்கம் ஆகிறது. கண்ணாடி போட்ட என் முகத்தில் வாசுகி மோர்மிளகாய் காயவைக்கிறாள். குழம்பும் நன்றாயிருக்கிறது, ரசமும் நன்றாயிருக்கிறது என்று நான் சொன்னால், ரெண்டாம் வகுப்பு படிக்கும் யாழினி உடனே, "அப்பா, போர்டு வச்சிரலாமா?" என்கிறாள்.

போன கூட்டத்தில் மகேஸ்வரி கையைத் தூக்கி, அடுத்து நான் என்ன படிக்கலாம் என்று கேட்டாள். இப்போது நாங்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அவள் எல்லோரையும் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இவுக ஒவ்வொருத்தரா சொல்லுவாக. வேண்டாங்கிறத மட்டும் நீங்க சொல்லுங்க" என்றாள்.

எனக்கு வேர்த்துவிட்டது. ஆனால் சொன்னேன். முத்துராமன் அண்ணன் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.