பெல்ட் நடத்திய கம்பியூட்டர் பூசை

'அலுவலக இயந்திரம் எதுவும் பழுதுபட்டால், அதைத் தொடாமல் அப்படியே விட்டு, மூன்று பிரதிகளில் கொழும்புக்கு எழுதி, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.' இது எங்கள் தேயிலைத் தோட்ட விதிக்கோவையின் ஒன்பதாம் பிரிவு. டயகமப் பக்கத்தில் இருபத்தெட்டு வருடம் பெரிய கிளாக்கராக இருந்தவன் நான். அந்தக் கோவை முழுவதும் எனக்கு மனப்பாடம். பெல்ட்டுக்கு வாசிக்கவே வராது. ஆனாலும் அதிலிருந்த விதிகளை ஒன்றுவிடாமல் மீறிய ஒரே மனிதர் அவர்தான்.

தொழிற்சாலையில் கொழுந்தை அரைக்கும் ரோலர்களைச் சுழற்றுகிற பெல்ட்டுகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். மனிதர்களுக்கு அவர் பெரிதாக மரியாதை கொடுத்ததில்லை. இயந்திரங்களுக்குத்தான் வாங்க, போங்க எல்லாம். "மூணாம் நம்பரு காலையிலேருந்து பட்டினியா இருக்காங்க, எண்ணெய் எங்கடா?" என்று ஆட்களை விரட்டுவார். ஒருமுறை தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் எரிச்சலில் மூன்றாம் நம்பர் ரோலரைச் சப்பாத்துக் காலால் உதைத்துவிட்டார். பெல்ட் அந்த ரோலரின் பட்டியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். டீமேக்கர் ரோலரிடம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் பட்டி திரும்ப ஏறியது. டீமேக்கர் கத்தோலிக்கர். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடத் தான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒருநாள் கொழும்பிலிருந்து லொறியில் ஒரு கம்பியூட்டர் வந்து இறங்கியது. எதற்கு என்று கூட வந்த கடிதத்தில் இல்லை. அதை எழுப்பி வேலை வாங்கும் ஒப்பரேட்டிங் சிஸ்டம் தனியாக ஐந்து பிளாப்பித் தட்டுகளில் இருந்தது. ஒவ்வொன்றாகச் செருகி உள்ளே ஏற்ற வேண்டும். அதே ஐந்து தட்டுகள் இன்னொரு கட்டாகவும் வந்திருந்தன. அந்தக் கட்டைக் கொழும்பின் அனுமதியில்லாமல் இரும்புப் பெட்டியைவிட்டு எடுக்கக் கூடாது என்பது பதினோராம் பிரிவு.

இதையெல்லாம் செய்துகொடுக்க ஓர் அதிகாரி உரிய காலத்தில் வருவார் என்று எழுதியிருந்தார்கள். உரிய காலம் என்றால் என்ன என்பது தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று வாரத்தில் கொழும்புப் பெரியவர்கள் தோட்டத்தைப் பார்க்க வர இருந்தார்கள். எனவே இங்கிலீஷ் தெரிந்த கிளாக்கரே கூட வந்த புத்தகத்தைப் பார்த்து ஏற்றட்டும் என்று துரை உத்தரவிட்டார்.

காலை ஒன்பது மணிக்குத் தபாலைப் பிரித்து முடித்து, கை கழுவி, முதல் தட்டைச் செருகினேன். இரண்டாம் தட்டும் இறங்கியது. மூன்றாம் தட்டின் நடுவில் திரை சட்டென்று இருண்டு, ஒன்றுமே நடக்காததுபோல முதல் தட்டைக் கேட்டது. மறுநாளும் ஒன்பது மணிக்குத் தொடங்கினேன், மூன்றாம் தட்டில் விழுந்தது. அதற்கடுத்த நாளும் அதே கதை. புத்தகத்தின் கடைசியில், பழுது வந்தால் செய்ய வேண்டியவை என்று ஒன்பது படிகள் இருந்தன. எட்டைச் செய்து முடித்து, பக்கத்தில் சரி போட்டேன். ஒன்பதாவது, விற்றவரை அணுகவும் என்றது. நான் மூன்று பிரதிகளில் கொழும்புக்கு எழுதினேன்.

செய்தி தொழிற்சாலைக்குப் போனதும் பெல்ட் கூப்பிடாமலே வந்தார். செருப்பை வாசலில் விட்டார். கம்பியூட்டரின் முதுகில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"இவங்களுக்குக் குளிருதுங்க ஐயா. கொழும்புல வளந்தவங்க."

மழைக்குப் போர்த்திக்கொள்ளும் தன் கம்பளியை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டார். அன்றைக்கும் மூன்றாம் தட்டில்தான் விழுந்தது. மறுநாள் நான் தபாலுக்குப் போன நேரத்தில், தட்டுகளில் ஈரம் ஏறியிருக்கிறது என்று தாமாக முடிவு கட்டி, ஐந்தையும் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய்த் தேயிலை காயவைக்கும் டிரையரில் வைத்துவிட்டார். எங்கள் தேயிலைக்கு அது சரியான சூடு. தட்டுகள் சுட்ட அப்பளமாகத் திரும்பி வந்தன.

துரை அதிகம் பேசுகிறவர் அல்ல. சிங்களவர், தோட்டத்தில் பழகிய தமிழில் ஒரே வார்த்தைதான் சொன்னார். "திங்கக்கிழமை பெரிய ஆள்க வாறது. மெசின் ஓடலன்னா பெல்ட் புல்லு வெட்டப் போறது."

அப்போது பெல்ட்டுக்கு ஐம்பத்தேழு வயது. இரண்டு முழங்காலும் வீங்கியிருக்கும். அந்த மலையில் அவர் ஒருவாரம்கூடத் தாக்குப்பிடிக்கமாட்டார். அவரைக் கவலைப்படுத்தியது அதல்ல. "மூணாம் நம்பரை யாருங்க பாப்பாங்க?" என்றார்.

அதன்பின் அவர் கம்பியூட்டருக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். தட்டு எதுவும் இல்லாததால் அது திரையில் முதல் தட்டைக் கேட்டபடி இருந்தது. பெல்ட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். எதை என்று நான் விசாரிக்கவில்லை. மாலையில் எழுந்து வந்தார்.

"ஐயா, மூணாம் நம்பரு எழும்புறப்ப இவங்க விழுந்துடுறாங்க. இன்னைக்குப் பதினஞ்சு வாட்டி."

உண்மைதான். அலுவலகத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஒரே எஞ்சினிலிருந்துதான் மின்சாரம். அந்த ரோலர் கிளம்பும்போதெல்லாம் என் மேசைக்கு மேலிருந்த பல்பு மங்கும். இருபது வருடமாக அதன் கீழே உட்கார்ந்திருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. ஆனால் எப்போதும் மூன்றாம் தட்டில்தான் விழ வேண்டுமா என்று கேட்டேன்.

"ஐயா ஒம்போது மணிக்குத்தான் ஆரம்பிப்பீங்க. அவங்க ஒம்போதரைக்கு ஒருவாட்டி எழும்புவாங்க. ரெண்டு பேரும் நேரம் தவறாதவங்க."

தட்டுகளை ஏற்ற ஒருமணி நேரம் வேண்டும். விடிந்ததிலிருந்து அரைமணிக்கொருமுறை ரோலர் கிளம்பும்; இரவில் அது ஓய்ந்தால் எஞ்சினும் நின்றுவிடும். தொழிற்சாலையை ஒருமணி நேரம் நிறுத்தக் கோரி, மின்னழுத்தம் குறித்து ஒன்றரைப் பக்கக் குறிப்பு எழுதித் துரையிடம் கொடுத்தேன். வாடிய கொழுந்து காத்திருக்காது என்று வாசிக்காமலே திருப்பித் தந்தார்.

பெல்ட் குறிப்பு எதுவும் எழுதவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு துரையின் முன்னால் போய் நின்றார்.

"போன ஆயுத பூசைக்கு இவங்க இல்லிங்க தொரை. மத்தவங்க எல்லாரும் பொட்டு வச்சிருக்காங்க, இவங்க மட்டும் வெறும் நெத்தியா இருக்காங்க. அதான் மூணாம் நம்பரு சேத்துக்க மாட்டேங்கிறாங்க."

துரை நல்ல நேரம் பார்க்காமல் காரில் ஏறாதவர். ஒருமணி நேரம் கொடுத்தார்.

சனிக்கிழமை தொழிற்சாலை அடங்கியது. ரோலர்களுக்கெல்லாம் புதிதாகச் சந்தனம் பூசினார்கள். கம்பியூட்டரின் நெற்றியில் பெல்ட் தாமே பொட்டு வைத்தார். மிச்சமிருந்தது இரும்புப் பெட்டிக்குள் கிடந்த இரண்டாவது கட்டுத்தான். பெல்ட் என் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினோராம் பிரிவை ஒருமுறை மனதுக்குள் முழுவதும் சொல்லிப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். ஒன்பதாம் பிரிவைத் துரையின் உத்தரவின் கணக்கில் விட்டால், என் சேவைக்காலத்தில் நான் மீறிய விதி அது ஒன்றுதான்.

பூசாரி மணியடித்தார், நான் தட்டைச் செருகினேன். மூன்றாம் தட்டு விழாமல் இறங்கியது. நான்காம் தட்டில் பூசாரிக்குப் பாட்டுத் தீர்ந்துவிட்டது. பூசை முடிந்தால் ரோலர் கிளம்பிவிடும். "முதல்லேருந்து பாடுய்யா, அவங்களுக்குச் சரியாக் கேக்கல" என்று பெல்ட் அதட்டினார். டீமேக்கரும் தம் பங்குக்கு ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி, கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்தாம் தட்டு இறங்கி முடிந்தபோது கற்பூரப் புகையில் எனக்குத் திரையே தெரியவில்லை. துடைத்துப் பார்த்தேன். புத்தகம் சொன்ன அடையாளமே இருந்தது: ஓர் எழுத்து, இரண்டு புள்ளி, பக்கத்தில் சிமிட்டுகிற ஒரு சிறு கோடு.

"அவ்வளவுதானுங்களா?" என்றார் பெல்ட்.

அவ்வளவுதான் என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டு அதற்கும் ஒருபிடி கடலை வைத்தார்.

அதற்குப் பிறகு தொழிற்சாலை வாசலில் ஒரு மணி தொங்கியது. மூன்றாம் நம்பரை எழுப்புவதற்கு முன் பெல்ட் அதை இரண்டு முறை அடிப்பார், நான் கம்பியூட்டரை அணைப்பேன். திங்கட்கிழமை வந்த பெரியவர்கள் சிமிட்டுகிற கோட்டை நெடுநேரம் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். அவர்கள் காரில் ஏறிய பிறகுதான் மணி கேட்டது. பெல்ட் புல்லு மலைக்குப் போகவில்லை. மூன்று வருடம் மணி ஒருநாளும் தவறியதில்லை.

அந்த மூன்று பிரதிகளுக்குக் கொழும்பிலிருந்து பதில் ஒருநாள் காலைத் தபாலில் வந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது. மின்னழுத்தக் குறைவாக இருக்கலாம். அதிகாரி வரும்வரை யாரும் தொட வேண்டாம்.' வாசித்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் பல்பு மங்கியது, திரை இருண்டது. மணி அடிக்கவில்லை. அதை உடனே எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. முத்திரையை எடுத்துக் கடிதத்தின் தலையில் குத்தினேன்: கிடைத்தது, ஜூலை ஒன்று. பெல்ட் ஓய்வுபெற்றது ஜூன் முப்பது.