கோணல் என்று சொல்ல ஓர் ஆள்

இந்தப் பூமியை நேராக நிமிர்த்தி வைக்காமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் டெல்டாவில் இருக்கிறார். திருச்சபையில் அவருக்கு வைத்த பெயர் வேறு. எங்களுக்கு அவர் ரசமட்டம்.

கொத்தனார்கள் சுவரில் வைத்து மட்டம் பார்ப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு குமிழியும் உள்ள கட்டை, அந்தச் சாமான்தான் ரசமட்டம். கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தபோது அவர் தரங்கம்பாடியில் வீடு கட்டினார். ஜன்னல் கோணல் என்று கொத்தனாரோடு சண்டை போட்டு, அவர் கையிலிருந்து ரசமட்டத்தைப் பிடுங்கினார். வீடு முடிந்தது, கிரகப்பிரவேசச் சாப்பாடும் முடிந்தது. ரசமட்டம் மட்டும் திரும்பிப் போகவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு கேமரா வாங்கியபோது அதுவும் கேமராப் பைக்குள் ஏறிக்கொண்டது.

எங்களுக்கு ‘காவிரிக் கண்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மயிலாடுதுறைப் பல் டாக்டர் ஒருவர் அதற்குத் தலைவர். கீழ்வேளூர் ரைஸ்மில் முதலாளி, சில வாத்தியார்கள், குத்தாலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் நான் என்று எல்லோரும் கையில் கேமராவும் வீட்டில் கெட்ட பெயரும் உள்ளவர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எங்காவது ஒரு வரப்பில் கூடுவோம். ஒரே கொக்கை எல்லோரும் எடுப்போம். டீ குடித்துக்கொண்டே அந்த ஒரே கொக்கை எல்லோரும் குழுவில் போடுவோம். பிறகு ஒருவருக்கொருவர் ‘அருமை’ போட்டுக்கொண்டு கலைவோம்.

இயற்கைக் காட்சி எடுக்கிறோம் என்று கிளம்பினோமே தவிர, இயற்கை எங்களுக்குக் கொஞ்சமும் ஒத்துழைக்கவில்லை. மலை கிடையாது. அருவி கிடையாது. காடு என்றால் கருவேலங்காடு. காவிரியில் தண்ணீர் இருக்கிற மாதங்களை விட மணல் இருக்கிற மாதங்கள் அதிகம், இப்போது அந்த மணலும் இல்லை. எங்களிடம் இருப்பதெல்லாம் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வானம், கீழே வயல். வயல் தீர்ந்த இடத்தில் கடல். அந்த ஒரு கோட்டையாவது நேராக எடுத்துத் தொலையுங்கள் என்பதுதான் ரசமட்டத்தின் கட்சி.

யார் படம் போட்டாலும் அடுத்த நிமிஷம் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரும்: கோணல். வாத்தியாருடைய சூரியோதயம் கோணல். டாக்டருடைய சூரியாஸ்தமனம் கோணல். நடவு கோணல், அறுவடை கோணல். என் படங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், என் வானத்திலிருந்து தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து ஓடுகிறது என்று சொல்லிவிட்டார். நல்லா இருக்கு என்று அவர் யாருக்கும் போட்டதே இல்லை. அவர் ஒன்றும் போடாமல் இருந்தால் அதுதான் எங்களுக்கு விருது. அந்த விருதை ஒருமுறை வாங்கிய ரைஸ்மில் முதலாளி அன்று எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். மறுநாள்தான் தெரிந்தது, ரசமட்டத்தின் போனில் சார்ஜ் இல்லை.

கேமராவில் பார்ப்பதற்காக இடது கண்ணை மூடப் பழகியவர், அப்புறம் அதைத் திறக்கவே இல்லை. செய்தித்தாள், போன், சாப்பாட்டு இலை எல்லாவற்றையும் வலது கண்ணால் மட்டும்தான் பார்ப்பார். அவர் மனைவி ஓய்வுபெற்ற டீச்சர். "மாதா கோயில் திருவிழாவுல ஒரு அம்மா இவரப் பாத்து, ஏங்க என்னப் பாத்துக் கண்ணடிக்கிறீங்கன்னு கேட்டுட்டாங்க தம்பி. நான்தான் போயி வெளக்கம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்" என்று என்னிடம் புலம்பியிருக்கிறார்.

ஒருமுறை குத்தாலத்துப் பக்கம் சம்பா வயலில், இத்தனை வருஷத்தில் நாங்கள் பார்த்திராத அளவுக்கு ஒரு கூட்டம் நாரைகள் இறங்கின. எல்லோரும் படபடவென்று படம் அடித்துத் தள்ளினோம். ரசமட்டம் மட்டும் கேமராவின் முக்காலியை நட்டு, மேலே கட்டையை வைத்து, குமிழி நடுவுக்கு வரட்டும் என்று காத்திருந்தார்.

"சார், நாரை பறந்துடுச்சு" என்றேன்.

"போவட்டுங்க தம்பி. வயல் இங்கதான இருக்கு."

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. வாத்தியார் ஒருவருடைய அப்பா காலமானார். மாலை போட்ட படத்தை வாத்தியார் குழுவில் போட்டார். வரிசையாக எல்லோரும் ஆழ்ந்த இரங்கல் போட்டுக்கொண்டு வரும்போது நடுவில் வந்து விழுந்தது, கோணல். குழுவே கொதித்துப்போனது. அவரைத் தூக்கிவிட வேண்டும் என்று டாக்டர் ஒற்றைக்காலில் நின்றார். ரசமட்டம் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலையோடு போனார், பையிலிருந்து கட்டையை எடுத்தார், பிரேம் மேல் வைத்தார், ஆணியை ஒரு தட்டுத் தட்டி அப்பாவை நேராக்கினார், சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார். "எங்கப்பா அவ்வளவு நேரா இருந்து நானே பாத்ததில்ல சார்" என்று வாத்தியார் பிறகு என்னிடம் சொன்னார்.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். கொஞ்ச நாளாகவே அவருடைய கோணலில் ஒரு கோணல் தெரிந்தது. நேரான படத்தையும் கோணல் என்றார். டாக்டர் விடவில்லை, தன் படத்தின் மேல் கட்டம் போட்டுக் காட்டினார். கோடு கட்டத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ரசமட்டம் ‘கட்டமும் கோணல்’ என்று பதில் போட்டார். வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். வீட்டில் ஜன்னல் நெளிந்துவிட்டது என்று ஆசாரியை வரவழைத்துச் சத்தம் போட்டதாக டீச்சர் சொன்னபோது, வயசானால் அப்படித்தான் என்று நானும் சிரித்துக்கொண்டே மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்தேன்.

அப்புறம் எங்கள் கண்காட்சி வந்தது. மயிலாடுதுறையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சின்ன ஹாலை வாடகைக்குப் பிடித்தோம். பிரேம்களை மாட்டும் வேலை யாருக்கு? கேள்வியே இல்லை, முந்தின நாள் சாயங்காலமே அவரிடம் சாவியைக் கொடுத்தோம். காலையில் கதவைத் திறந்தால், அத்தனை படமும் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு தொங்கின. நாங்கள் சரிசெய்வதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அவர்களும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். ரைஸ்மில் முதலாளியின் மனைவிக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டு, தைலம் வாங்க என் கடைக்கே ஆள் போனது.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க மேல கோவம்னா நேரா சொல்லியிருக்கலாம்ல சார். இப்புடியா பழி வாங்குறது?"

"நான் நேராத்தான் மாட்டியிருக்கேன் டாக்டர்" என்றார் ரசமட்டம்.

"ரசமட்டம் வச்சுப் பாத்தீங்களா?"

"அது கெட்டுப்போச்சு. புதுசு வாங்குனேன், அதுவும் கெட்டுப்போச்சு. இன்னொண்ணு வாங்குனேன்." பையிலிருந்து மூன்று ரசமட்டங்களை எடுத்து மேஜையில் வைத்தார். "கடையில எல்லாம் போலி சரக்கா விக்கிறான்."

டாக்டர் மூன்றையும் ஒவ்வொன்றாக ஒரு பிரேம் மேல் வைத்தார். மூன்று குமிழியும் ஒரே ஓரத்தில் போய் ஒதுங்கின. ஹாலே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேதவாக்கைப் போல நம்பிய சாமானையே பொய் என்று சொல்லிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் அந்தக் குமிழிகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று ரசமட்டம் சேர்ந்தாற்போல் கெட்டுப்போகாது, கெட்டது வேறு ஏதோ என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வாரமே அவரையும் டீச்சரையும் தஞ்சாவூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஒரு அட்டையை அவர் முன்னால் பிடித்தார். முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம், நடுவில் ஒரு புள்ளி. ரசமட்டம் வழக்கம்போல் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஏம்மா, இத பிரிண்ட் போட்டது யாரு? நடுவுல கோடெல்லாம் நெளிஞ்சு கெடக்கு. நோயாளிங்களுக்குக் காட்டுற அட்டைய கொஞ்சம் பாத்து வாங்கக்கூடாதா?"

சொன்னதோடு விட்டாரா, பையிலிருந்து கட்டையை எடுத்து அட்டையின் மேல் வைக்கப் போனார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப வலது கண்ண மூடிக்கிட்டு இடது கண்ணால பாருங்க சார்" என்றார் டாக்டரம்மா.

மூட முடியவில்லை. கேமரா வாங்கிய நாளிலிருந்து இடது கண்ணையே மூடிப் பழகியவருக்கு வலது கண்ணைத் தனியாக மூடத் தெரியவில்லை. முகத்தைக் கோணினார், வாயைக் கோணினார், இரண்டு கண்ணும் சேர்ந்தே மூடிக்கொண்டன. கடைசியில் நர்ஸம்மா வந்து தன் உள்ளங்கையால் அந்தக் கண்ணைப் பொத்தினார். ரசமட்டம் அட்டையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நேராத்தான் இருக்கு" என்றார்.

வலது விழித்திரையின் நடுவில் நீர் கோத்துவிட்டது, அதனால்தான் நேர்க்கோடெல்லாம் நெளிந்து தெரிகிறது, இடது கண்ணிலும் லேசாக ஆரம்பம் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. கண்ணுக்குள் ஊசி போடவேண்டும். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். சொன்ன விஷயம் அவ்வளவுதான். கேட்டுக்கொண்டு நாங்கள் மூவரும் பஸ் ஏறினோம்.

பஸ் கும்பகோணம் தாண்டியது. அவர் கேட்டார், "அப்ப இத்தன நாளா நான் கோணல்னு சொன்னதெல்லாம்?"

"முன்னாடி சொன்னதெல்லாம் சரிதான் சார்."

"எதுவரைக்கும் முன்னாடி?"

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் குழுவில் ஒரு புது மனிதர் வந்துசேர்ந்தார். யார் என்ன போட்டாலும் ‘நல்லா இருக்கு’ என்று போடுகிற ரசமட்டம். சூரியனுக்கு நல்லா இருக்கு. கொக்குக்கு நல்லா இருக்கு. ரைஸ்மில் முதலாளி தவறுதலாகத் தன் கட்டைவிரலை எடுத்து அனுப்பினார், அதற்கும் நல்லா இருக்கு. டாக்டர் எனக்குப் போன் பண்ணினார். "என் படத்துக்கு நல்லா இருக்குன்னு போட்டுட்டாரு சார். அவரு திட்டுனப்பகூட இவ்வளவு கஷ்டமா இல்ல." ஞாயிற்றுக்கிழமை வரப்பில் கூடுகிற கூட்டம் குறைந்துபோனது. கோணல் என்று சொல்ல ஆள் இல்லாத ஊரில் எவன் மெனக்கெட்டு நேராக எடுப்பான்? எனக்கும் கேமராவைத் தொடவே வெறுத்துவிட்டது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒரு வேலை செய்தேன். தரங்கம்பாடிக் கடலை நான் எடுத்த படம் ஒன்று இருந்தது. அதை வேண்டுமென்றே நன்றாகச் சாய்த்து, நிற்கிற படகு வழுக்கி விழுந்துவிடும் போல ஆக்கிக் குழுவில் போட்டேன். அவர் பொறுக்கமாட்டார் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை. பதில் உடனே வந்தது. ‘நல்லா இருக்கு தம்பி.’

கடைப் பையனிடம்கூடச் சொல்லாமல் கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். தரங்கம்பாடியில் வாசலிலேயே டீச்சர் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே கையைக் காட்டினார். ரசமட்டம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேமராப் பை பீரோ மேல் ஏறியிருந்தது.

"கண்ணுதான சார் போச்சு, வாய் எங்க போச்சு? அந்தப் படம் நல்லா இருக்கா?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "வாங்க தம்பி, உக்காருங்க. எது கோணல்னு எனக்கு எப்புடித் தெரியும் சொல்லுங்க. உங்க படமா, என் கண்ணா? என் கோளாற வச்சுக்கிட்டு நல்லா எடுக்குறவங்கள ஏன் திட்டணும்? நல்லா இருக்குன்னு போட்டா யாருக்கும் நஷ்டமில்ல பாருங்க."

"எங்களுக்கு நஷ்டம் சார்."

பேசிப் பயனில்லை என்று அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். என் உள்ளங்கையால் அவர் வலது கண்ணைப் பொத்தினேன். இன்னொரு கையால் போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"எனக்கு இந்தக் கண்ணால படம் பாக்கத் தெரியாதுங்க தம்பி."

"பாருங்க சார்."

பார்த்தார். கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொன்னார். கொஞ்சம் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். போனைப் பிடித்திருந்த என் கையைத் தன் கையால் பிடித்து அசையாமல் நிறுத்தினார். அடுப்படி வாசலில் டீச்சர் கரண்டியோடு நின்றார்.

"என்னங்க தம்பி இது" என்றார் மெதுவாக. "கடல் வடக்கால சாயுது. படகு கவுந்துடும் போலருக்கு. இதையா குழுவுல போட்டீங்க?"

"கோணலா சார்?"

"படு கோணல். இத்தன வருஷமா கேமராவ வச்சிருக்கீங்க, ஒரு கோட்ட நேரா எடுக்கத் தெரியல. அந்தப் பைய எறக்குங்க."

இடது கண்ணும் இன்னும் எவ்வளவு நாளைக்கோ, டாக்டரம்மாவே சொல்லவில்லை. பையை இறக்க வேண்டும் என்றால் அவர் கண்ணிலிருந்து கையை எடுக்க வேண்டும். நான் எடுக்காமல் அப்படியே நின்றேன், அவர் இன்னும் கொஞ்ச நேரம் என்னைத் திட்டட்டும் என்று.